விலை, வரி, இலவசம்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தைக்கு ஆதரவாகப் பேசுகிறவன் நான். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் பல்லடத்துத் தறிக் குடோன்களிலும் திருப்பூர் டீக்கடைகளிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு, எனக்குச் சரி என்று படுகிற பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

சந்தைப் பொருளாதாரம்னா மொதலாளிக்குச் சாதகமா பேசறதுதானுங்களே?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி எளிதாகிவிடும்.

நம் ஊர் ஜவுளித் தொழிலையே பாருங்கள். பஞ்சு விலை ஏறினால் நூற்பாலைக்காரர் பஞ்சு ஏற்றுமதியைத் தடுக்கச் சொல்கிறார். நூல் விலை ஏறினால் தறிக்காரரும் பனியன் கம்பெனிக்காரரும் நூல் ஏற்றுமதியை நிறுத்தச் சொல்கிறார்கள். 2022 மே மாதம் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூர் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. துணி உற்பத்தியாளர் வெளிநாட்டுத் துணிக்குத் தடை கேட்கிறார். அந்தத் துணி மலிவாக வந்தால் பிழைக்கலாம் என்று தைத்து விற்பவர் நினைக்கிறார். ஒவ்வொருவருக்கும் தான் வாங்கும் சரக்கில் தாராளச் சந்தை வேண்டும், தான் விற்கும் சரக்கில் பாதுகாப்பு வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் இருக்கும் பருத்தி விவசாயிக்கு டெல்லியில் மனு கொடுக்க ஆள் இல்லாததால், தடை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது. 2010லும் 2012லும் பஞ்சு ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தியபோது அதுதான் நடந்தது.

முதலாளிகள் அரசிடம் கேட்பது சலுகை. சந்தையை ஆதரிப்பவன் கேட்பது போட்டி. எதிரே புதிதாக ஒருவன் கடை போடுவதை எந்த முதலாளியும் விரும்புவதில்லை.

ராஜாஜி இதைத் தெளிவாகப் பார்த்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1952இல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று அவர் பெயர் வைத்த ஆட்சிமுறையை எதிர்த்தார். அவருடைய கல்வித் திட்டத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் பெர்மிட் ஆட்சியில் பெரிய கம்பெனி இன்னும் பெரிதாகும், பத்துத் தறி வைத்திருப்பவன் வாசலிலேயே நிற்பான் என்ற அவருடைய வாதம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

மஞ்சள் ஒரு வருசம் தங்கமாட்ட விக்குது, அடுத்த வருசம் வெட்டுக் கூலிக்கும் கட்டல. அரசே ஒரு விலை வெச்சுட்டா என்னங்க?

2010-11இல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. ஓரிரு ஆண்டுகளில் அதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். வைகாசி, ஆனியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்ட முடியும். விலையைப் பார்த்து நடுகிறவர் விற்கப் போகும்போது, அவரைப் போலவே விலையைப் பார்த்து நட்ட ஆந்திரா, மராட்டிய விவசாயிகளும் சரக்கோடு வந்து நிற்கிறார்கள். இந்தத் துன்பம் உண்மையானது. சந்தை தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஆனால் நிலையான விலை இந்தத் துன்பத்தைத் தீர்க்காது. விலை விழுவது ஒரு செய்தி: இவ்வளவு மஞ்சள் வேண்டாம், கொஞ்சம் நிலத்தை மரவள்ளிக்கும் வாழைக்கும் மாற்று என்கிற செய்தி. அரசு விலையைப் பிடித்து நிறுத்தினால் சரக்கு குறையாது, செய்தி மட்டும் நின்றுபோகும். எல்லோரும் மறுபடி மஞ்சளே நடுவார்கள். அந்தச் சரக்கை யாராவது வாங்கிக் குடோனில் அடுக்க வேண்டும், அதற்கு வரி கட்டுகிறவர் பணம் வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, 1965இல் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை கிடைத்தால்தான் புது ரக விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்வான் என்று அவர் நம்பினார். அன்றைய பஞ்சத்தில் அது சரியான நம்பிக்கை. விலை மனிதரை வேலை செய்ய வைக்கும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். ஆனால் அதே ஏற்பாடு அரை நூற்றாண்டு நீடித்ததில், தண்ணீர் குறைந்த பஞ்சாப் மண்ணில் திரும்பத் திரும்ப நெல்லை நட்டு நிலத்தடி நீரைத் தீர்த்துவிட்டார்கள்.

ஈரோட்டு விவசாயிகளிடம் வேறொரு வழி முன்பே இருக்கிறது. மஞ்சள் கெடாத சரக்கு. விலை வரட்டும் என்று ஒரு வருசம், இரண்டு வருசம் குடோனில் வைத்து விற்கும் பழக்கம் இங்கே உண்டு. குடோன் ரசீதை வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தால், அவசரத்துக்கு விற்க வேண்டிய சிறு விவசாயியும் காத்திருக்கலாம். அரசு செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.

இடைத்தரகர் கொள்ளை அடிக்கறாங்களே, அவங்களை ஒழிச்சுட்டா?

1999இல் உழவர் சந்தை வந்தது. நல்ல ஏற்பாடு, இன்றைக்கும் நடக்கிறது. கமிசன் மண்டி மட்டும் ஏன் காலியாகவில்லை? இரண்டு மூட்டை கத்தரிக்காய் வைத்திருப்பவர் விடியலில் கிளம்பி, பாதி நாள் தராசோடு உட்கார்ந்தால் தோட்டத்து வேலை நின்றுபோகிறது. ஏவாரி (வியாபாரி) அந்த நேரத்தை விலைக்கு வாங்குகிறார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்கு லாரி ஏற்றுவது, வழியில் அழுகினால் நட்டம் தாங்குவது, கடன் சொன்னவனிடம் வசூலிப்பது, இத்தனையும் அவர் வேலை.

கொள்ளை எங்கே நடக்கிறது என்றால், வாங்க ஒரே ஆள் இருக்கும் இடத்தில். முன்பணம் கொடுத்து, சரக்கைத் தனக்கே கொண்டுவர வேண்டும் என்று கட்டிப்போடும் இடத்தில். அதற்கு மருந்து, வாங்க வருகிறவர் எண்ணிக்கையைக் கூட்டுவது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச்சர்க்கரை ஏலத்துக்கு ஏவாரிகளோடு பழனிக் கோயில் நிர்வாகமும் பஞ்சாமிர்தத்துக்காக வாங்க வருகிறது. நான்கு பேர் விலை கேட்கும்போது ஒருவர் கொள்ளை அடிப்பது கடினம்.

வெங்காயம் விலை ஏறுனா ஏற்றுமதியைத் தடை பண்றது ஏழைக்கு நல்லதுதானே?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வராமல் பதில் சொல்ல முடிவதில்லை.

2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர். ஐந்தே ஆண்டுகளுக்குள் மூன்று முறை வெங்காய ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. கடைசித் தடை 2024 மே வரை நீடித்தது. நாசிக் பெரிய வெங்காயத்தின் டெல்லி விலையைப் பார்த்துப் போடும் தடை இது. ஆனால் பல்லடம், பொங்கலூர், தாராபுரம் தோட்டங்களில் சின்ன வெங்காயம் போட்டவரையும் அது அடிக்கிறது. சின்ன வெங்காயத்தை வாங்குவது மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள். டெல்லிக்காரர் அதைத் தின்பதே இல்லை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள், சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

விலை கிலோ பத்து ரூபாய்க்கு விழும்போது எந்த அரசாணையும் வருவதில்லை. நட்டம் முழுக்க விவசாயியுடையது. நூறு ரூபாய் ஆகும்போது மட்டும் அரசு வருகிறது. கெட்ட வருசத்து நட்டத்தை ஈடுகட்ட விவசாயிக்கு இருக்கும் ஒரே வழி நல்ல வருசத்து விலைதான், அதைப் பிடுங்கிவிட்டால் அவர் அடுத்த போகத்தில் வெங்காயம் போடவே யோசிப்பார். வெங்காயம் குறையும், விலை மறுபடி ஏறும், ஏழை மறுபடி அதே கடையில் நிற்பார்.

பதுக்கல் என்கிற குற்றச்சாட்டும் இதோடு வரும். வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது அடுக்கிச் சேமித்து, வைப்பவர் அறுவடைக் காலத்தில் சரக்கை வெளியே விடாமல் விலை சரிவதைத் தடுக்கிறார். பற்றாக்குறைக் காலத்தில் வெளியே விட்டு விலை ஏறுவதைத் தடுக்கிறார். 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்படி இருப்பு வரம்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற பயம் இருக்கும் வரை, நல்ல சேமிப்புக் கிடங்கில் யாரும் பணம் போட மாட்டார்கள்.

இலவச மின்சாரமும் வேண்டாம்பீங்களா? அதுக்கு உசிரைக் குடுத்த மண்ணுங்க இது.

தெரியும். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தன. 1990 வாக்கில் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அந்தத் தியாகத்தை மதிக்கிறேன். அதனால்தான் இலவசத்தின் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மீட்டர் இல்லாத மின்சாரத்தில் மோட்டாரை நிறுத்த யாருக்கும் காரணம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் எண்ணூறு அடிக்கு ஆழ்குழாய்க் கிணறு (போர்) போட்டால் நாம் ஆயிரம் அடி போட வேண்டும். போர் துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு வேலை கூடியது, தண்ணீர் கூடவில்லை. மின்சாரத்துக்குப் பணம் கட்டாத விவசாயி போர் போடவும், மோட்டார் மாற்றவும், வறண்ட போரை மூடவும் லட்சக்கணக்கில் கட்டுகிறார். அது மின்கட்டண ரசீதில் வராததால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது வரிசை. விலை இல்லாத பொருளுக்கு வரிசைதான் விலை. இலவச மின் இணைப்புக்கு (சர்வீஸ்) மனு போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! அவசரமாக வேண்டுமென்றால் தட்கல் என்கிற விரைவு இணைப்புத் திட்டத்தில் பெரிய தொகை கட்ட வேண்டும். இருப்பவருக்கு உடனே, இல்லாதவருக்கு எப்போதோ.

மூன்றாவது, யார் கொடுக்கிறார்கள் என்பது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், விசைத்தறிக்கு 2023 முதல் 1000 யூனிட் இலவசம். அந்தச் செலவில் ஒரு பங்கு அரசு மானியமாக வருகிறது, ஒரு பங்கு மற்ற நுகர்வோர் மேல் ஏறுகிறது. 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் திருத்தப்பட்டபோது, கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் இரண்டு லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்பவர்கள் நிலைக் கட்டணத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். ஆர்டர் இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டிய பணம் அது. ஒரு சிறு தொழில்காரரின் பையிலிருந்து எடுத்து இன்னொரு சிறு தொழில்காரருக்குக் கொடுத்துவிட்டு அதை இலவசம் என்கிறோம்.

நான் சொல்லும் மாற்று இது. மீட்டர் வையுங்கள், இப்போது ஒரு சர்வீசுக்கு ஆகும் மானியத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போடுங்கள். சொட்டுநீர் போட்டு மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் மீதிப் பணம் அவருக்கே. ஒரு ரூபாய்கூடப் பறிக்காமலே மோட்டாரை நிறுத்த ஒரு காரணம் கிடைக்கும்.

ரேஷன் அரிசி?

2011 ஜூன் முதல் இங்கே ரேஷன் அரிசி இலவசம். பசி தீர்ந்ததை நான் மறுக்கவில்லை. அதைக் குறைத்துச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் தின்னப் பிடிக்காத அரிசி வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பணத்தைக் குடும்பத் தலைவி கையில் கொடுத்து, ராகியோ பருப்போ முட்டையோ அவரே முடிவு செய்யட்டும் என்று விடலாம். வேண்டுமென்பவருக்கு அரிசியும் இருக்கட்டும்.

வடக்கேருந்து ஆள் வந்து நம்ம கூலியைக் கெடுக்கறாங்களே?

2023 மார்ச்சில், வட மாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஆட்கள் ஊருக்குக் கிளம்பியதும் திருப்பூர் முதலாளிகள் பதறினார்கள். டெய்லரும் செக்கிங் ஆளும் இல்லாமல் ஷிப்மெண்ட் தேதி தப்பினால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் உள்ளூர் கட்டிங் மாஸ்டருக்கும், அயர்ன் பண்ணுகிறவருக்கும், கம்பெனி வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்த அக்காவுக்கும் வேலை இல்லை. வந்தவர் இங்கே வாடகை கொடுக்கிறார், அரிசி வாங்குகிறார், பஸ் ஏறுகிறார்.

கூலியைக் கெடுப்பது ஆள் வரத்து இல்லை. ஆள் வெளியேற முடியாத நிலைமைதான். சில நூற்பாலைகள் நடத்திய 'சுமங்கலித் திட்டம்' நினைவிருக்கும்: இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கி, மூன்று ஆண்டு முடிந்தால்தான் மொத்தத் தொகை என்றார்கள். இடையில் நின்றால் பணம் போச்சு. விசைத்தறியில் முன்பணக் கடனுக்காக ஒரே பட்டறையில் கட்டுண்டு கிடப்பதும் அதே வகை. சம்பளம் பிடிக்கவில்லை என்றால் சனிக்கிழமை கணக்கை முடித்துக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த கம்பெனிக்குப் போக முடிய வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தைச் சந்தை என்று சொல்லவே கூடாது. அங்கே சட்டம் கடுமையாக நுழைய வேண்டும்.

நொய்யலைச் சாகடிச்சது உங்க சந்தைதானே?

கேட்க வேண்டிய கேள்வி. நொய்யலைச் சாகடித்தது சாயப்பட்டறைகளின் கழிவு. ஒரு கிலோ துணிக்குச் சாயம் போடும் விலையில் சாயத்தின் விலை இருந்தது, நீராவிக்கான விறகு இருந்தது, கூலி இருந்தது. ஆற்றின் விலை இல்லை. சென்னிமலைப் பக்கம் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தேக்கமாகிவிட்டது. தண்ணீரைத் திறந்தால் பயிர் கருகும் என்று விவசாயிகளே திறக்க வேண்டாம் என்றார்கள். திருப்பூர் டாலர் சம்பாதித்தபோது அதன் செலவில் ஒரு பகுதியைக் கரூர் வரைக்கும் நொய்யல் கரை விவசாயி கட்டினார், அவரைக் கேட்காமலே.

அவர் நிலம் அவர் சொத்து. அதைக் கெடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும், கெடுப்பதை நிறுத்த வேண்டும். சந்தையின் அடிப்படையே இதுதான். ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊர் ஆடிப்போனது. ஆனால் அதற்குப் பிறகுதான் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இங்கே உண்மையாகவே நடைமுறைக்கு வந்தது. சாயக் கூலி ஏறியது. ஏறத்தான் வேண்டும். அதுவரை இருந்த கூலி உண்மையான கூலி இல்லை.

இன்றும் இரவில் மழைத் தண்ணீரோடு கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

அமெரிக்கா நமக்கு 50 சதவீதம் வரி போட்டா நாமளும் போட வேண்டாமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கு மேல் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூருக்கு அது பேரடி. வங்கதேசமும் வியட்நாமும் குறைந்த வரியில் அதே டீ-ஷர்ட்டை விற்றபோது நம் ஆர்டர் கைநழுவியது.

அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 19இல், பஞ்சு இறக்குமதி மேல் இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு முதலில் செப்டம்பர் வரைக்கும், பிறகு நீட்டித்து அந்த ஆண்டு டிசம்பர் வரைக்கும் நீக்கியது. 2021இல் நாமே போட்டுக்கொண்ட வரி அது. அதாவது நம் பனியனுக்கு வெளிநாட்டில் வரி விழுவதற்கு நான்கு ஆண்டு முன்பே நம் பஞ்சுக்கு நாமே வரி போட்டிருந்தோம். எதிராளி தன் மக்களுக்குத் துணியை விலை ஏற்றினார் என்பதற்காக நாம் நம் மக்களுக்கு விலை ஏற்றுவதில் என்ன பதிலடி இருக்கிறது? பஞ்சாக இருந்தாலும், செயற்கை இழையாக இருந்தாலும், தையல் மெஷின் உதிரியாக இருந்தாலும், உள்ளே வருவதைச் சுலபமாக்கினால்தான் நாம் வெளியே விற்க முடியும். பருத்தி விவசாயி பாதிக்கப்படுவார் என்பார்கள். அவருக்கும் ஏற்றுமதித் தடை இனி வராது என்ற உறுதியைச் சட்டமாகவே கொடுங்கள். இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கட்டும்.

ஜிஎஸ்டி நல்லதா கெட்டதா?

ஒரே வரி என்கிற எண்ணம் நல்லது, பல விகிதம் கெட்டது. பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று கோவை ஹோட்டல்காரர் ஒருவர் 2024இல் நிதியமைச்சர் முன் சொன்னது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவர் சொன்னதில் தவறே இல்லை. கோவை வெட் கிரைண்டருக்கு 2022 ஜூலை 18 முதல் 5லிருந்து 18 ஆக ஏற்றினார்கள். 2025 செப்டம்பர் 22இல் விகிதங்களைக் குறைத்தது சரியான திசை.

கள்ளு எறக்க விடலாமா?

விடலாம், விட வேண்டும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பொள்ளாச்சியில் தன் தென்னையில் கள் இறக்கினால் குற்றம். எல்லை தாண்டிக் கேரளாவின் சித்தூரில் அதே தென்னையில் அதே கள் சட்டப்படி விற்பனை. 2003 முதல் சீமைச் சாராயத்தைச் சில்லறையாக விற்பது அரசுக் கழகம் மட்டுமே. மதுவின் கேடு உண்மை. ஆனால் விவசாயியின் மரத்திலிருந்து வருவது மட்டும் கேடு, அரசுக் கடையிலிருந்து வருவது வருவாய் என்பதில் நியாயம் இல்லை.

அப்போ அரசே வேண்டாமா?

வேண்டும். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்திராவிட்டால் கோவையில் இத்தனை மில் வந்திராது. பரம்பிக்குளம்-ஆழியாறு அணைகளை எந்தத் தனி ஆளும் கட்டியிருக்க முடியாது. ஆற்றைக் காப்பதும், நிலப் பத்திரத்தைக் காப்பதும், பேசிய வார்த்தைக்குப் பாதுகாப்புக் கொடுப்பதும் அரசின் வேலை.

கடைசியில் சொன்னதில்தான் நம் அரசு மிகவும் பின்தங்கியிருக்கிறது. திருப்பூரில் பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் செய்பவருக்கு மிகப் பெரிய தொல்லை வரியும் இல்லை, மின்சாரமும் இல்லை. செய்த வேலைக்குப் பணம் வராததுதான். இதற்காக அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2024 ஏப்ரல் முதல் வந்தது: சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அந்தச் செலவை வாங்கியவர் தன் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. நல்ல நோக்கம். ஆனால் வம்பே வேண்டாம் என்று பதிவு செய்யாத யூனிட்டுக்கு ஆர்டரை மாற்றிக்கொள்ள வாங்குகிறவருக்கு வழி இருக்கிறது. புது விதியைவிடப் பழைய சட்டம் வேகமாக நடந்தால் போதும். செக் திரும்பிய வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்கிறது. நடப்பில் அது வருடக்கணக்கில் வாய்தா வாங்குகிறது. நாலு மெஷின் வைத்திருப்பவர் வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் செலவு செய்து, வேலையையும் விட்டு அத்தனை வாய்தாவுக்கும் வர மாட்டார் என்பது செக் கொடுத்தவருக்குத் தெரியும். கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் செக் வழக்கை மட்டும் விசாரிக்கும் கூடுதல் நீதிமன்றங்களும், அவற்றில் காலியில்லாமல் நீதிபதிகளும் கொடுங்கள். மானியப் பட்டியலில் எதை முதலில் வெட்டலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம், முதலில் இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.